பேருக்குப் பின்னால நாலு எழுத்து போட்டா வேலை கிடைக்குமா?

கலைப் பீடத்தில் மூன்றாம் வருடம் தாண்டிவிட்டால் வீட்டிலயும் கெம்பஸிலயும் ஒரே கேள்விதான்: அடுத்து என்ன? ஆசிரியர் நியமனம் வரும் எண்டு கொஞ்சப் பேர் பார்த்துக்கொண்டு இருப்பாங்க. அரசாங்கம் பட்டதாரிகளை எடுக்கும், அதுவரைக்கும் டியூஷன் குடுப்பம் எண்டு இன்னும் கொஞ்சப் பேர். இந்த ரெண்டிலயும் சேராத ஒரு கூட்டம் இப்ப கூடிக்கொண்டு வருது. எச்ஆர் பக்கம், அதாவது மனித வள முகாமைத்துவத்துக்குள்ள போகப்போறம் எண்டு சொல்ற ஆக்கள். சமூகவியல், அரசறிவியல், பொருளியல் படிச்சவங்களுக்கு அது அந்நியமான துறையும் இல்ல. மனிசரைப் பற்றின வேலைதானே.

ஆனா அந்தப் பக்கம் திரும்பின உடனே மூண்டு விதமான கதை காதில விழும்.

"மச்சான், எச்ஆர் வேலைக்குப் போறண்டா மெம்பர்ஷிப் எடுக்கணுமாம், மெய்யா?"

"டிகிரி இல்லாம டிப்ளோமா மட்டும் முடிச்சவன் கொழும்பில எச்ஆர் எக்செகியூட்டிவா இரிக்கான். நமக்கு என்னத்துக்கு டிகிரி?"

"காசக் கட்டினா மெம்பர்ஷிப் கிடைக்குது. சீவியில போட்டா ஒரு கெத்துதானே."

மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை நம்பிக் காசு கட்டுகிறவர்கள் எங்கட ஊர்ப் பிள்ளைகள். அந்தக் காசு வாப்பா கடல்ல இருந்தோ, வயல்ல இருந்தோ, கத்தார்ல இருந்தோ அனுப்பின காசு. அதனால இந்த விசயத்தை ஒருக்கா அவிழ்த்துப் பார்ப்பம் எண்டு நினைச்சம்.

எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உறுப்புரிமை வேறு, தகைமை வேறு. சில உறுப்புரிமைகள் ஒரு தகைமையை முடித்ததற்குச் சாட்சியாக வரும். சில உறுப்புரிமைகள் வெறும் பற்றுச்சீட்டு. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு சதமும் கட்டக் கூடாது.

முதல்ல மூன்றையும் பிரிப்பம்

வேலை உலகத்தில் மூன்று விதமான காகிதங்கள் உண்டு. ஒன்று அனுமதி. டொக்டராக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். சட்டத்தரணியாக ஆஜராக உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்திருக்க வேண்டும். பொதுக் கம்பனி ஒன்றின் கணக்கை ஓடிட் பண்ணிக் கையெழுத்துப் போடுகிறவர் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் சொல்கிறது. இந்தத் துறைகளில் உறுப்புரிமையோ பதிவோ இல்லாமல் வேலை செய்தால் அது சட்டப் பிரச்சினை.

இரண்டாவது தகைமை. படித்து, பரீட்சை எழுதி, சித்தியடைந்து வாங்குவது. பட்டம், டிப்ளோமா, என்விகியூ எல்லாம் இதுக்குள்ள வரும். இலங்கையில் இவற்றுக்கு ஒரு ஏணி இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று 2012 இல் கொண்டுவந்தார்கள், 2015 இல் திருத்தினார்கள். மொத்தம் 12 படிகள். சாதாரண தரம் முதலாவது படி, உயர்தரம் இரண்டாவது, டிப்ளோமா மூன்றாவது, உயர் டிப்ளோமா நான்காவது, பொதுப் பட்டம் ஐந்தாவது, சிறப்புப் பட்டம் ஆறாவது. இப்படியே ஏறி 12 ஆவது படியில் கலாநிதிப் பட்டம். ஒரு சான்றிதழ் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். இந்த ஏணியில் "உறுப்பினர்" என்று ஒரு படி கிடையாது.

மூன்றாவது உறுப்புரிமை. ஒரு தொழில்சார் சங்கத்தில் ஆளாகச் சேர்வது. வருடச் சந்தா கட்டினால் உள்ளே இருப்பீர்கள். கட்டாவிட்டால் வெளியே. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வாங்கின பட்டத்தைச் சந்தா கட்டவில்லை என்று யாரும் திருப்பி வாங்க முடியாது. பேருக்குப் பின்னால போட்ட எழுத்தை, சந்தா நிண்ட நாளிலிருந்து போட உங்களுக்கு உரிமை இல்லை.

மனித வளத் துறைக்கு இலங்கையில் அனுமதி என்ற ஒன்று கிடையாது. எச்ஆர் முகாமையாளராக இருக்க எந்தச் சபையிலும் பதிய வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால்தான் மற்ற ரெண்டுக்கும் இடையில் இவ்வளவு குழப்பம். டொக்டர்மாரைப் பார்த்துவிட்டு "நமக்கும் மெம்பர்ஷிப் கட்டாயம்" என்று நினைப்பது தப்பு. அதே நேரம், கட்டாயம் இல்லை என்பதற்காக அது ஒண்டுக்கும் உதவாது என்று சொல்வதும் தப்பு.

சங்கத்துக்குள்ளயும் படி இருக்கு

இலங்கையில் இந்தத் துறைக்குரிய பழைய அமைப்பு ஆளணி முகாமைத்துவ நிறுவகம். 1959 இல் தொடங்கியது. 1976 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தால் பாராளுமன்றத்தின் ஊடாகக் கூட்டிணைக்கப்பட்டது. பிறகு பேருக்கு முன்னால் "பட்டய" என்ற சொல் சேர்ந்து, இப்ப எல்லாரும் சிஐபிஎம் எண்டு சொல்றது இதைத்தான். தலைமையகம் கொழும்பு 5 இல். இவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள்: பாடநெறி நடத்திப் பரீட்சை வைப்பதும் இவர்கள்தான், உறுப்பினர்களைச் சேர்ப்பதும் இவர்கள்தான். இங்கதான் எங்கட ஆக்களுக்குத் தலை சுத்துது. "நான் சிஐபிஎம்" என்று ஒருவர் சொன்னால், அவர் பாடநெறியை முடித்தவரா, படித்துக்கொண்டிருக்கிறவரா, அல்லது மாணவ உறுப்பினராகப் பதிந்து அடையாள அட்டை வாங்கியவரா என்று கேட்டால்தான் தெரியும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனின் சிஐபிடி உலகத்தில் பெயர் பெற்றது. அதன் வேர் 1913 இல் யோர்க் நகரத்தில் தொழிற்சாலைத் தொழிலாளரின் நலனைக் கவனித்த ஆக்கள் சேர்ந்து அமைத்த சங்கத்தில் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு அரச பட்டயம் கிடைத்தது. அதில் மாணவ உறுப்பினர், அடித்தள உறுப்பினர், இணை உறுப்பினர், பட்டய உறுப்பினர், பட்டய ஃபெல்லோ என்று படிப்படியாக இருக்கிறது. அவர்களுடைய ஐந்தாம் மட்டப் பாடநெறியை முடித்தால் இணை உறுப்பினராகலாம். பட்டய உறுப்பினராக வேண்டுமென்றால் படிப்பு மட்டும் போதாது, செய்த வேலையையும் காட்ட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் பாடநெறி படிக்காமலே, தங்கள் வேலையை மதிப்பிடச் சொல்லிப் போகிற வழியும் உண்டு. ஆக அங்கே மேல் படிகளில் உள்ள உறுப்புரிமை என்பது யாரோ உங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம். மாணவ உறுப்புரிமை அப்படி இல்லை. நீங்கள் பதிவுக் காசு கட்டியிருக்கிறீர்கள் என்பதற்குத்தான் அது அடையாளம்.

அமெரிக்காவின் எஸ்எச்ஆர்எம் இன்னும் வெளிப்படையானது. சங்கத்தில் சேர்வது ஒரு காரியம், அவர்களுடைய சான்றிதழ்ப் பரீட்சை எழுதுவது வேறொரு காரியம். சேர்வதற்குச் சந்தா போதும். 2015 முதல் நடக்கிற அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் பேருக்குப் பின்னால் எழுத்து வரும். அதுவும் நிரந்தரம் இல்லை. மூன்று வருடத்துக்குள் 60 புள்ளி அளவு தொழில்சார் கற்றல் செய்து புதுப்பிக்க வேண்டும், அல்லது திரும்பப் பரீட்சை எழுத வேண்டும்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு எங்களுக்குக் கிடைத்த அளவுகோல் ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் படியில் என்னை ஏற்றுவதற்கு முன் யாராவது என்னைச் சோதித்தார்களா? ஆம் என்றால் சீவியில் தகைமை என்ற தலைப்பின் கீழ் போடலாம். இல்லை என்றால் கடைசிப் பக்கத்தில், வேறு செயற்பாடுகள் என்ற இடத்தில் ஒரு வரி. அதுக்கு மேல அதுக்கு இடம் இல்ல.

யார் என்ன கேக்குறாங்க?

வேலை தேடுகிறவருக்கு உண்மையில் முக்கியம் தத்துவம் இல்லை, விளம்பரம். அதனால் வேலை தருகிறவர்களை ஒவ்வொருவராக எடுப்போம்.

அரசாங்கம். இங்கே பட்டம்தான் கதை. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும். 2020 இல் 50,000 அளவில் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தபோதும் கேட்டது பட்டச் சான்றிதழைத்தான். அதுவும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட பட்டம். எந்தச் சங்கத்தின் அடையாள அட்டையும் அந்த வரிசையில் உங்களை ஓரடி முன்னால் நகர்த்தாது.

அரச கூட்டுத்தாபனங்களும் நியதிச்சட்ட சபைகளும். இது கொஞ்சம் வித்தியாசம். முகாமையாளர் தரப் பதவிகளுக்கு வரும் விளம்பரங்களைக் கூர்ந்து வாசியுங்கள். "சம்பந்தப்பட்ட துறையில் பட்டம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட தொழில்சார் நிறுவகமொன்றின் இணை உறுப்புரிமை" என்ற மாதிரி வசனம் அடிக்கடி வரும். அந்த "அல்லது" பெரிய சொல். பட்டம் வேறு துறையில் இருக்கிற கலைப் பீடப் பிள்ளைக்கு அந்தச் சொல் ஒரு வழியைத் திறக்கிறது. ஆனால் கேட்பது மாணவ உறுப்புரிமை இல்லை. பாடநெறி முடித்த பிறகு வருகிற படி.

தனியார் துறை. கொழும்பிலும் வர்த்தக வலயங்களிலும் உள்ள கம்பனிகளின் விளம்பரங்களில் பட்டம் அல்லது தொழில்சார் தகைமை, அதோடு ஒன்றிரண்டு வருட அனுபவம் என்று இருக்கும். "பாதி முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்றும் சில நேரம் வரும். டிப்ளோமா முடித்த பையன் எக்செகியூட்டிவாக இருக்கிற கதை இங்கேதான் நடக்கிறது. ஆனால் அந்தக் கதையை முழுசாகக் கேளுங்கள். அவன் உயர்தரம் முடித்த உடனே எங்கேயோ எழுதுவினைஞராகச் சேர்ந்து, சம்பளப் பட்டியல் தயாரித்து, வேலை செய்துகொண்டே படித்திருப்பான். அவனைத் தூக்கிவிட்டது டிப்ளோமாவும் அந்த நாலு வருட அனுபவமும் சேர்ந்துதான். டிப்ளோமாவை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து "அது போதும்" என்று சொல்வது கணக்கில் ஒரு பக்கத்தை மறைப்பது.

வளைகுடா. எங்கட கரையில் ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு ஆள் அங்க இரிக்காங்க. அங்குள்ள எச்ஆர் வேலை விளம்பரங்களில் சிஐபிடி, எஸ்எச்ஆர்எம் பெயர்கள் "இருந்தால் நல்லது" என்ற இடத்தில் அடிக்கடி வரும். ஆனால் பல தொழில் விசாக்களுக்குப் பட்டச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திக்கொண்டு போக வேண்டும். அந்த மேசையில் வைக்கிறது பட்டம்.

கடைசியாக எங்கட ஊர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, சம்மாந்துறை. இங்கே வங்கிக் கிளைகள், நிதிக் கம்பனிகளின் கிளைகள், சுப்பர்மார்க்கட், தனியார் ஆஸ்பத்திரி, பிடவைக் கடை, அரிசி ஆலை எல்லாம் உண்டு. பெரிய நிறுவனங்களின் எச்ஆர் பிரிவு கொழும்பில் இருக்கும். உள்ளூர் முதலாளிமாருக்கு எச்ஆர் என்று தனியான ஆள் பெரும்பாலும் இல்லை. முதலாளியின் மருமகனே வருகைப் புத்தகத்தையும் சம்பளத்தையும் பார்த்துக்கொள்வார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குத் தொண்டு நிறுவனங்கள் வந்த காலத்தில்தான் "எச்ஆர் அன்ட் அட்மின்" என்ற பதவிப் பெயரே பலருக்கு முதல் தடவையாகக் காதில் விழுந்தது. அவர்கள் போன பிறகு அந்தப் பதவிகளும் போய்விட்டன. ஊரில் ஒரு முதலாளியிடம் போய் "நான் உறுப்பினர்" என்று சொன்னால் "எந்தக் கட்சியில மனே?" என்று கேட்பார். அவருக்கு வேண்டியது வேறு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில என்ன செஞ்சாங்க?

பக்கத்தில் ஒரு ஒப்பீடு இருக்கிறது. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49 ஆம் பிரிவு, 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலை ஒவ்வொன்றிலும் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று விதித்தது. அவருக்கு என்ன தகைமை இருக்க வேண்டும் என்பதை மாநில அரசுகள் விதிகளில் எழுதின. அதனால் தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போக நினைத்த கலைப் பட்டதாரிகளுக்கு ஒரு தெளிவான பாதை உருவானது. சமூகப்பணி அல்லது தொழிலாளர் முகாமைத்துவத்தில் பட்டமேற்படிப்பு படி, சட்டம் அங்கீகரித்த தகைமை உன் கையில் வரும். சென்னை சமூகப்பணிக் கல்லூரி மாதிரியான இடங்களுக்கு மாணவர்கள் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கேயும் தேசிய ஆளணி முகாமைத்துவ நிறுவகம் என்ற உறுப்பினர் அமைப்பு உண்டு. 1980 இல் இரண்டு பழைய அமைப்புகள் இணைந்து உருவானது அது. ஆனால் சட்டம் கேட்டது படிப்பை. சங்கம், படித்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கிற இடமாக இருந்தது. அந்த ஒழுங்கு சரி என்று எங்களுக்குப் படுகிறது. இலங்கையில் அப்படி ஒரு சட்டக் கோடு இல்லாததால், எங்கட பிள்ளைகள் விளம்பரத்தையும் வதந்தியையும் வைத்துப் பாதை போடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்து நியாயம்

உறுப்புரிமைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது கட்டுரை இல்லை, விளம்பரம்.

முதலாவது நியாயம், ஆள் பழக்கம். கொழும்பில் படித்த பிள்ளைக்கு மாமா ஒருவர் வங்கியில் இருப்பார், பாடசாலை நண்பனின் தகப்பன் கம்பனிப் பணிப்பாளராக இருப்பார். ஒலுவிலில் படிக்கிற பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? தொழில்சார் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனால் ஆள் எடுக்கிறவர்களை நேரில் பார்க்கலாம், பேசலாம். இது பெரிய நன்மைதான். ஆனா அந்தக் கூட்டம் எங்க நடக்குது? இங்கிருந்து கொழும்பு முன்னூறு கிலோமீற்றருக்கு மேலே. ராத்திரி பஸ் ஏறி விடிய இறங்க வேண்டும். கூட்டத்துக்குப் போகாதவருக்கு உறுப்புரிமை தருகிற ஆள் பழக்கம் மின்னஞ்சலில் வருகிற செய்திமடல் மட்டும்தான்.

இரண்டாவது நியாயம், பட்டம் பழசாகிவிடும். நாங்கள் இரண்டாம் வருடத்தில் படித்த குறிப்பு மூத்த பெட்ச்சுகள் கைமாற்றித் தந்தது. சட்டம் மாறுகிறது, வேலை செய்கிற விதம் மாறுகிறது. புதுப்பிக்கச் சொல்கிற உறுப்புரிமை ஆளைத் தூங்க விடாது. இதையும் ஏற்கிறோம். ஆனால் அது வேலைக்குள் போன பிறகு வருகிற தேவை. வாசலுக்கு வெளியே நிற்கிறவரின் தேவை வேறு.

மூன்றாவது நியாயம் எங்களைப் போன்ற கலைப் பீடக்காரருக்கு நேரடியாகவே பொருந்தும். முகாமைத்துவ பீடத்துப் பிள்ளையின் பட்டத்தில் மனித வளம் என்ற சொல் இருக்கிறது. எங்கட பட்டத்தில் இல்லை. அப்படியிருக்க, இந்தத் துறையில் எங்களுக்கு ஈடுபாடு இருக்கிறது என்று காட்ட ஏதாவது வேண்டுமே? வேண்டும்தான். ஆனால் அந்த இடைவெளியை நிரப்பப் படிப்பால்தான் முடியும். பாடநெறி ஒன்றைப் படித்து முடித்தால் அந்தத் தகைமையும் வரும், அதன் வழியாக உறுப்புரிமையும் வரும். உறுப்புரிமையை மட்டும் வாங்கினால், "எங்க படிச்சீங்க?" என்று நேர்முகப் பரீட்சையில் கேட்கும்போது வாயை மூட வேண்டியதுதான்.

நேர்முகப் பரீட்சையில உண்மையிலேயே என்ன கேட்பாங்க?

ஒருவருடைய மாதச் சம்பளம் 50,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு போகும்? 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரிடமிருந்து 8 சதவீதம், தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதம். அதாவது 4,000 ரூபாவும் 6,000 ரூபாவும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டப்படி இன்னும் 3 சதவீதம், 1,500 ரூபா. இது முழுக்க முதலாளியின் பங்கு, ஊழியரின் சம்பளத்தில் வெட்டக் கூடாது. வேறு கழிவுகள் இல்லையென்றால் ஊழியரின் கையில் 46,000. முதலாளிக்குச் செலவு 57,500.

கடையில் எட்டு வருடம் வேலை செய்த ஒருவர் விலகுகிறார். கடைசிச் சம்பளம் 60,000. பணிக்கொடை எவ்வளவு? 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தியாக்கிய மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்கிறது. 30,000 ஐ எட்டால் பெருக்கினால் 240,000 ரூபா.

மே மாதம் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் எத்தனை நாள் வருடாந்த லீவு? 1954 ஆம் ஆண்டுக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் 10 நாள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் சேர்ந்திருந்தால் 14. மூன்றாவது பிள்ளை பெற்ற தாய்க்கு மகப்பேற்று லீவு எத்தனை நாள்? முந்தி 42 என்று இருந்தது, 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84.

இந்த நாலு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்கிற ஆளை எந்த முதலாளியும் இரண்டாம் தடவை பார்ப்பார். முதலாளிக்கு வேண்டியது வேறு என்று மேலே சொன்னது இதைத்தான். தொழில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் பயப்படாமல் வாசித்துப் பதில் எழுதக்கூடிய ஆள். இந்தச் சட்டங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. வாசிக்கச் சந்தா தேவையில்லை.

இன்னொரு விசயமும் இருக்கு. இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளை ஊருக்கும் தேவை. கடைகளில், ஆலைகளில் வருடக் கணக்காக நின்றவர்கள் சேமலாப நிதி என்றால் என்னவென்றே தெரியாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எச்ஆர் என்பதை ஏசி அறை வேலையாக மட்டும் பார்க்காமல், இந்த நியாயத்தைக் கவனிக்கிற வேலையாகவும் பார்க்கலாம். யோர்க்கில் 1913 இல் கூடினவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

யாருக்கு இந்தச் செலவு கூடுதலாக வலிக்கிறது?

பெண் பிள்ளைகளுக்கு. எங்கட பீடத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான் என்பது விரிவுரை மண்டபத்துக்குள் ஒருக்கா எட்டிப் பார்த்தாலே தெரியும். வார இறுதி வகுப்புக்குக் கொழும்பு போய் வா என்று ஒரு தம்பியிடம் சொல்லலாம். தங்கச்சியிடம் சொன்னால் தங்குமிடம், துணை, ராத்திரிப் பயணம் என்று அந்த வீட்டில் பெரிய கதையே தொடங்கும். அந்தக் கதை சரியா பிழையா என்று வாதாடுவது வேறொரு கட்டுரை. இப்போதைக்கு உண்மை என்னவென்றால், தகைமையைக் கொழும்பில் வைத்துவிட்டு உறுப்புரிமையை மட்டும் இணையத்தில் விற்றால், அவர்கள் கையில் மிஞ்சுவது லேசானதும் பெறுமதி குறைந்ததுமான காகிதம்தான்.

அடுத்தது மொழி. கலைப் பீடத்தில் நாங்கள் பெரும்பாலும் தமிழில் படிக்கிறோம். தொழில் உலகம் ஆங்கிலத்தில் நேர்முகம் வைக்கிறது. இந்த இடைவெளியை உறுப்புரிமை மூடாது. வருடச் சந்தாவுக்குக் கட்டுகிற காசில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் எக்செல்லில் சம்பளப் பட்டியல் போடவும் பழகினால், அது முதல் மாதத்திலேயே பலன் தரும்.

அப்ப என்ன செய்யிறது?

இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு எங்கட ஒழுங்கு இதுதான். முதலாவது, பட்டத்தை நல்ல வகுப்போடு முடியுங்கள். அரசாங்கத்துக்கும் வெளிநாட்டுக்கும் அதுதான் அடிப்படை. இரண்டாவது, படிக்கும்போதே ஊரில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நின்று, வருகை, லீவு, சம்பளம் மூன்றையும் கையால் செய்து பழகுங்கள். வேலை முடியும்போது ஒரு கடிதம் வாங்குங்கள். மூன்றாவது, மேலே சொன்ன சட்டங்களை வாசியுங்கள். நாலாவது, பட்டம் முடியும் தறுவாயில் பரீட்சையுள்ள பாடநெறி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். சேரமுதல் மூன்று கேள்வி கேளுங்கள்: இது தகைமைச் சட்டகத்தில் எந்தப் படி? முடித்தால் எந்தத் தர உறுப்புரிமை கிடைக்கும்? அதைத் தக்கவைக்க வருடத்துக்கு எவ்வளவு? எழுத்தில் பதில் தராத இடத்தில் சேர வேண்டாம். ஐந்தாவதாகத்தான் உறுப்புரிமை. வேலைக்குள் போய், சம்பளம் எடுத்து, உங்கட காசில கட்டுங்க.

எங்கட கோரிக்கையும் ஒன்று இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, இந்தக் கரையின் பிள்ளைகள் படிப்புக்காகத் தூரம் போகத் தேவையில்லை என்ற எண்ணத்தில்தான். அதே நியாயம் தொழில்சார் படிப்புக்கும் பொருந்த வேண்டும். கலைப் பீடமும் முகாமைத்துவ பீடமும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. கலைப் பீட மாணவருக்குத் தொழிற் சட்டமும் மனித வளமும் விருப்பப் பாடமாகக் கிடைப்பதற்கு என்ன தடை? தொழில்சார் நிறுவகங்கள் ஒலுவிலிலோ கல்முனையிலோ வகுப்பும் பரீட்சையும் வைத்தால், எத்தனை பிள்ளைகளின் பஸ் காசும் தங்குமிடக் காசும் மிஞ்சும்? மாணவர் சங்கங்கள் வரவேற்பு நிகழ்வுக்கும் ரீசேர்ட்டுக்கும் கொடுக்கிற கவனத்தில் கொஞ்சத்தை இந்தக் கோரிக்கைக்குக் கொடுத்து, பீடாதிபதிகளிடம் எழுத்தில் கேட்கலாம். அந்தக் கடிதத்தை எழுத எங்களோடு சேர விருப்பமுள்ளவர்கள் வாங்க. கடிதம் எழுதப் பழகுறதும் எச்ஆர் வேலையில ஒரு பாதிதானே.